கொக்கும் கிடுக்கியும்

மெக்கானிக்: மறுபடியும் அசையலயா?

கணவர்: அசையல.

மெக்கானிக்: ஒரு சத்தம்கூட வரல?

கணவர்: நேத்து சாயங்காலம் வரைக்கும் 'ஊய்ங்'னு நல்லாத்தான் ஊளையிட்டுச்சு. காலைல பட்டனை அமுக்கினா, பரீட்சையில பதில் தெரியாத பையன் மாதிரி கம்முனு நிக்குது.

மனைவி: அவர் குரல்ல இருக்கற சந்தோஷத்தைப் பாரேன்.

கணவர்: எனக்கென்ன சந்தோஷம்?

மனைவி: வாய் காது வரைக்கும் போகுது. ஏம்மா, நீயே சொல்லு. போகல?

மெக்கானிக்: நான் உங்களைத் தூக்கற மெஷினைப் பாக்க வந்தேன் அக்கா. சாரோட வாயைப் பாக்க இல்ல.

கணவர்: நல்ல பதில். உக்காரும்மா... அதுல வேணாம், அது அவளோட சக்கர நாற்காலி. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க.

மெக்கானிக்: இழுத்துக்கறேன். என்னக்கா, காலைலேர்ந்து கட்டில்லயேவா?

மனைவி: கட்டில்லயேதான். மாடிப்படியில விழுந்து எந்திரிச்ச நாள்லேர்ந்து... எந்திரிக்காத நாள்லேர்ந்துன்னு சொல்லணும்... இந்த நேரத்துக்கு ஜன்னல்கிட்ட உக்காராத நாளே கிடையாது. இன்னைக்குத்தான் ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறேன். அதோட கம்பியில அவ்ளோ தூசி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

மெக்கானிக்: மெஷின் நின்னா சார் தூக்குவாரே? போன தடவையும், அதுக்கு முந்தின தடவையும் நான் வர்றதுக்குள்ள உங்களை ஜன்னல்கிட்ட உக்கார வெச்சிருந்தாரே?

மனைவி: அதைத்தான் நானும் கேக்கறேன். இன்னைக்கு என்னமோ தூக்கவே வரல. எந்திரிச்சார். பட்டனை அமுக்கினார். அசையலன்னதும் கிட்ட வந்துட்டு, அப்படியே திரும்பிப் போய் உனக்கு போன் பண்ணிட்டார். போன ரெண்டு தடவையும் நான் கெஞ்சினதுக்கப்புறம்தான் போனையே தொட்டார்.

கணவர்: நான் போன் பண்ணினது ரிப்பேருக்கு இல்ல. எடுத்துட்டுப் போகச் சொல்றதுக்கு.

மெக்கானிக்: எடுத்துட்டா?

கணவர்: ஆமா. வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகல, மூணு தடவை படுத்தாச்சு. போதும். இந்தக் கொக்கை வண்டியில ஏத்திக்க.

மெக்கானிக்: கொக்கா?

மனைவி: அவர் வெச்ச பேர். நீளக் கழுத்து, ஒல்லிக் காலு, நுனியில கொக்கி. கட்டில் தலமாட்டுல நின்னு முறைக்குதாம்.

கணவர்: முறைக்கத்தான் செய்யுது. குளத்துல மீனைப் பாக்கற மாதிரி அவளையே பாத்துக்கிட்டு நிக்குது.

மனைவி: நான் 'சின்னவர்'னு கூப்பிடறேன்.

மெக்கானிக்: சின்னவரா?

மனைவி: இவர் பெரியவர், அவர் சின்னவர். சின்னவருக்கு மூச்சு வாங்காது. தூக்கறப்ப, 'என்ன, ஒரு சுத்து பெருத்துட்டியா'ன்னு கேக்க மாட்டார்.

கணவர்: கேட்டது ஒரே ஒரு தடவை.

மனைவி: ஒரு தடவை போதும்.

மெக்கானிக்: சார், விளையாட்டு இருக்கட்டும். எடுத்துட்டுப் போனா, போனதுதான். மெஷினை இரவலாக் குடுக்கற எங்க நிலையத்துல இதுக்கு ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க அவங்க அம்மாவை பெட்ஷீட்ல வெச்சுத் தூக்கறாங்க. இங்க சும்மா நிக்குதுன்னா அங்க கொண்டு போய்க் குடுக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் வேணும்னு கேட்டாலும் கிடைக்காது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. வெக்கறதா, எடுக்கறதா?

கணவர்: எடு.

மனைவி: வெய்.

மெக்கானிக்: இப்படிச் சொன்னா நான் கழுத்தை மட்டும் கழட்டிக்கிட்டுத்தான் போகணும்.

கணவர்: ஏம்மா, நான் என்ன வேலை பாத்தேன்னு தெரியுமா உனக்கு?

மனைவி: ஆரம்பிச்சுட்டார்.

கணவர்: நீ சும்மா இரு. ஃபர்னிச்சர் கடையில டெலிவரி. இரும்பு பீரோ, தேக்குக் கட்டில்... மாடிப்படி திரும்பற எடத்துல, சுவத்துல ஒரு கீறல் விழாம பீரோவைத் திருப்பணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. அப்பேர்ப்பட்டவன் பொண்டாட்டியைத் தூக்கறதுக்கு ஒரு கொக்கு வேணுமா?

மனைவி: என்னையும் பீரோ மாதிரிதான் தூக்குவார். ஆனா ஒண்ணு, இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. அதைச் சொல்லணும்.

கணவர்: பீரோகிட்ட நான் ஒண்ணும் கேக்கறதில்ல. இவகிட்ட கேப்பேன். தூக்கறதுக்கு முன்னாடி 'போலாமா'ன்னு கேப்பேன். 'போலாம்'னு சொன்னாத்தான் தூக்குவேன். சொல்லலன்னா நிப்பேன். இது கேக்குதா? பட்டனை அமுக்கினதும் கழுத்தை நீட்டுது.

மெக்கானிக்: இப்பவும் நீங்க கேக்கலாமே சார். மெஷின் குறுக்க பேசாதே.

கணவர்: கேட்டுட்டு? டி.வி.க்கு சேனல் மாத்தற மாதிரி ரிமோட்டை அமுக்கறதா?

மனைவி: அப்படித்தான் அமுக்கறார். அந்த ரிமோட்டோட சுருள் வயரு எவ்ளோ தூரம் நீளுமோ அவ்ளோ தூரம் தள்ளி நிப்பார். மூஞ்சியை வாசப்பக்கம் திருப்பிக்குவார். நான் தூளியில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கிட்டே போவேன்.

மெக்கானிக்: தூளின்னா... ஸ்லிங்கா?

கணவர்: நாலு மூலையில வார் வெச்ச துணி. ஆளை உள்ள போட்டுத் தொங்க விடறது. அதுக்கு எங்க வீட்ல தூளின்னுதான் பேரு.

மெக்கானிக்: தூக்கறப்ப நீங்க அக்கா பக்கத்துல நிக்கறதே இல்லயா?

கணவர்: பக்கத்துல எனக்கென்ன வேலை? அதான் கொக்கு நிக்குதே.

மெக்கானிக்: ம்... இருங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

மனைவி: இதாவது ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின். இவர் கிடுக்கியோடவே சண்டை போட்டவர்.

மெக்கானிக்: எந்தக் கிடுக்கி?

மனைவி: கட்டில் ஓரமா மாட்டியிருக்கேன் பார். நீளக் கம்பி. இந்தப் பிடியை அமுக்கினா அந்த நுனியில வாய் மூடும். கீழ விழுந்தது, கைக்கு எட்டாதது எல்லாம் எடுத்துக்கலாம். என் தங்கச்சி வாங்கிட்டு வந்தா.

கணவர்: அது வர்ற வரைக்கும் இந்த வீட்ல எனக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. கண்ணாடி விழுந்தா 'ஏங்க'. தண்ணி பாட்டில் உருண்டா 'ஏங்க'. போர்வை நழுவினா 'ஏங்க'. அது வந்தப்புறம் சமையக்கட்டுல நின்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். 'டக்கு'னு ஒரு சத்தம்தான் வரும்.

மனைவி: அதுக்காக ஒருநாள் அதை பீரோ பின்னாடி போட்டுட்டார்.

கணவர்: விழுந்துச்சு.

மனைவி: பீரோவுக்குப் பின்னாடி, சுவரோட ஒட்டி, நேரா நின்ன மாதிரி விழுந்துச்சு.

மெக்கானிக்: நான் போற வீடெல்லாம் இப்படித்தான் அக்கா. ஒரு அம்மா, பையனோட பேட்டரி வண்டிச் சாவியை மாவு டப்பாக்குள்ள புதைச்சு வெச்சிருந்தாங்க. அத்தனை வருஷம் அவனைத் தள்ளிக்கிட்டுப் போனது அவங்க. இப்ப அவனே தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுப் போறான், போறப்ப திரும்பிக்கூடப் பாக்கறதில்லன்னு ஒரே அழுகை.

கணவர்: அந்தம்மா மேல தப்பில்ல.

மெக்கானிக்: தப்புன்னு நானும் சொல்லல. சாவியைத் தட்டித் துடைச்சுப் பையன் கையில குடுத்தேன். அவ்ளோதான் என் வேலை. ...சார், மீட்டர் பெட்டியில ஃப்யூஸ் போயிருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வர்றீங்களா?

கணவர்: பாக்கறேன். நான் போனதும் ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசக்கூடாது.

மனைவி: உங்களைப் பத்திப் பேச என்ன இருக்கு? போங்க.

மெக்கானிக்: ...போயிட்டாரா?

மனைவி: போயிட்டார். ஃப்யூஸ் போயிருந்தா மேல ஃபேன் எப்படிம்மா சுத்தும்?

மெக்கானிக்: சும்மாதான் அனுப்பினேன். இங்க பாருங்க. கம்பத்துல காளான் மாதிரி சிவப்பா ஒரு பட்டன் இருக்கா? ஆபத்துன்னா உடனே நிறுத்தறதுக்கு. இது உள்ள அமுங்கிட்டா மெஷின் செத்த மாதிரி. திருகி வெளிய இழுத்தாத்தான் மறுபடி உயிர் வரும். போன ரெண்டு தடவையும் இதுதான் அமுங்கியிருந்துச்சு. நான் வயர் லூஸ்னு சொல்லிட்டுப் போனேன்.

மனைவி: தெரியும்.

மெக்கானிக்: தெரியுமா?

மனைவி: மொத தடவை அரைக்கண்ணால பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். தண்ணி குடிக்கற மாதிரி எந்திரிச்சுப் போனார். கொக்கை ஒரு முறை முறைச்சார். 'டப்'புனு ஒரு அமுக்கு. பூனை மாதிரி திரும்பி வந்து படுத்துக்கிட்டார். விடிஞ்சதும், 'அடடா, மெஷின் ஓடலயே'ன்னு ஒரு நடிப்பு.

மெக்கானிக்: ஏன் அப்பவே சொல்லல?

மனைவி: காலைல தூக்கினார்ல.

மெக்கானிக்: ம்?

மனைவி: ஒண்ணுமில்ல. இன்னைக்கும் அமுங்கித்தான் இருக்கா?

மெக்கானிக்: அடியோட அமுங்கியிருக்கு.

மனைவி: இந்த வீட்ல நடமாடற ஆள் அவர் ஒருத்தர்தான்.

மெக்கானிக்: சாருக்கு உங்க மேல அவ்ளோ பாசம் அக்கா.

மனைவி: பாசமா? மெஷின் வந்ததிலேர்ந்து காலைல 'வாக்கிங்'னு கிளம்பிடறார். அந்தப் பாசத்தை எதுல சேக்கறது?

மெக்கானிக்: வாக்கிங் நல்லதுதானே?

மனைவி: வேர்வை இல்லாம, தைல வாசனையோட திரும்பி வர்றது என்ன வாக்கிங்? கேட்டா முட்டி வலிங்கறார். முந்தியெல்லாம் அந்த நேரம் எனக்கு. தூக்கி உக்கார வெச்சு, தலை சீவி விட்டு, ஜன்னல்கிட்ட ரெண்டு பேருமா தெருவுல போறவங்க நடையைக் கிண்டல் பண்ணிக்கிட்டு... இப்ப கொக்கு என்னை எறக்கி வெச்சு முடிக்கறதுக்குள்ள செருப்பை மாட்டிடறார். அந்த நேரம் இப்ப யாருக்குக் குடுத்து வெச்சிருக்கோ.

மெக்கானிக்: பொறாமையாக்கா?

மனைவி: யார் மேல? எனக்குத் தெரிஞ்சு அவரோட போறது செருப்பு ஒண்ணுதான்.

மெக்கானிக்: அப்ப செருப்பு மேல.

மனைவி: ...ஆமா. செருப்பு மேலதான்.

கணவர்: ஃப்யூஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன பேசினீங்க?

மனைவி: செருப்பைப் பத்தி.

கணவர்: யார் செருப்பு?

மெக்கானிக்: சார், இந்தச் சிவப்பு பட்டன் தானா அமுங்காது.

கணவர்: எந்தப் பட்டன்?

மெக்கானிக்: நீங்க இப்பப் பாக்காம இருக்கீங்களே, அந்தப் பட்டன்.

கணவர்: வாசல்ல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே.

மனைவி: சொல்லுங்க. பீரோவையே திருப்பினவரு, பேச்சைத் திருப்ப முடியலயா?

கணவர்: சரி. மொத தடவை நான்தான்.

மெக்கானிக்: ரெண்டாவது?

கணவர்: அதுவும் நான்தான். ஆனா இன்னைக்கு நான் இல்ல.

மனைவி: ரெண்டு வீட்ல திருடினேன், மூணாவது வீட்டுப் பக்கமே போகலன்னு சொன்னா யாருங்க நம்புவா?

கணவர்: சத்தியமா இல்ல. நானே அமுக்கிட்டு நானே எதுக்குப் போன் பண்ணப் போறேன்?

மனைவி: எடுத்துட்டுப் போகச் சொல்றதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

கணவர்: அது... சொன்னேன்.

மெக்கானிக்: யார் அமுக்கினா என்ன? இழுத்து விட்டாச்சு, உயிர் வந்தாச்சு. அக்காவை மொதல்ல ஜன்னல்கிட்ட உக்கார வெப்போம். சார், ஸ்லிங் கீழ விழுந்து கிடக்கு பாருங்க. எடுத்துக் குடுங்க.

கணவர்: எங்க?

மெக்கானிக்: உங்க கால்கிட்ட.

கணவர்: ஓ... ஏய், அந்தக் கிடுக்கியை இப்படிக் குடு.

மனைவி: எது?

கணவர்: கிடுக்கிதான். குடேன்.

மனைவி: அதைத் தொட்டா கை அழுகிடும்னு சொன்ன வாய்தானே இது?

மெக்கானிக்: கால்கிட்ட கிடக்கறதுக்குக் கிடுக்கி எதுக்கு சார்? குனிஞ்சா எடுத்துடலாமே.

கணவர்: குனிஞ்சு எடுத்தா என்ன, நிமிந்து எடுத்தா என்ன? பொருள் மேல வந்தா சரிதானே?

மெக்கானிக்: குனியுங்க பாக்கலாம்.

கணவர்: நீ மெஷினைப் பாக்க வந்த ஆளா, என்னைப் பாக்க வந்த ஆளா?

மனைவி: ஏங்க... குனிங்க.

கணவர்: காலாலயே எத்தி எடுத்துடறேன்.

மனைவி: இருங்க. நேத்து செருப்பைக் கையால தொடவே இல்ல நீங்க. நின்னுக்கிட்டே காலைத் தட்டித் தட்டி உள்ள விட்டீங்க. போற அவசரம்னு நெனச்சேன்.

மெக்கானிக்: முதுகா சார்?

கணவர்: பீரோ தூக்கினவனுக்கு முதுகுன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும்.

மனைவி: முட்டின்னு சொன்னீங்க.

கணவர்: முட்டின்னா நீ விட்டுடுவே. முதுகுன்னா நோண்டுவே.

மெக்கானிக்: எப்பலேர்ந்து?

கணவர்: கொக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. கொக்கு வந்தப்புறம் காலைல கொஞ்சம் நேரம் கிடைச்சுதா... பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியில ஒரு எடம் இருக்கு. கவுந்து படுக்கச் சொல்லி முதுகுல சூடு காட்டுவாங்க. அப்புறம் தைலத்தைப் போட்டு ஒரு ஆள் அமுக்குவான்.

மனைவி: ஆளா?

கணவர்: ஆள்தான். மீசை வெச்ச ஆள்.

மனைவி: நான் ஒண்ணும் கேக்கல.

கணவர்: கேக்காமயே பதில் சொல்லிட்டேன்.

மெக்கானிக்: இவ்ளோ வலியை வெச்சுக்கிட்டா மெஷினை எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க?

கணவர்: முதுகு சரியாயிட்டா கொக்கை அனுப்பிடலாம்னுதானே அங்க போறதே. இவளைத் தூக்கறதுக்காக ஒருத்தன்கிட்ட முதுகைக் குடுத்துக்கிட்டுக் கிடக்கறேன். இவ என்னடான்னா சின்னவர், சின்னவர்னு...

மனைவி: அப்ப, போன தடவை தூக்கினப்ப... மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்களே. நான் பாரமாயிட்டேன், அதைச் சொல்ல முடியாம தவிக்கறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

கணவர்: வலி மூஞ்சியில தெரிஞ்சிடும்னு திருப்பினேன். நாற்காலிக்கு இன்னும் ஒரு சாண்தான் இருக்கு. முதுகுல யாரோ வெட்டின மாதிரி ஆயிடுச்சு. உன்னைக் கீழ போட்டுட்டேன்னுதான் நெனச்சேன்.

மனைவி: போடல.

கணவர்: போடல. ஆனா அதுக்கப்புறம் அந்தப் பட்டன் பக்கமே நான் போகல. இன்னைக்குக் காலைல மெஷின் அசையலன்னதும், சரி தூக்கிடுவோம்னு கட்டில்கிட்ட வந்தேன். நீ கையை நீட்டினே. எனக்குக் கை வரல. அதான் போன் பண்ணப் போயிட்டேன்.

மனைவி: நீட்டின கையை அப்படியே மடக்கிக்கிட்டேன்.

கணவர்: பாத்தேன்.

மனைவி: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

கணவர்: சொன்னா கொக்கு ஜெயிச்சிடும்.

மெக்கானிக்: சார், இப்படி வாங்க. இன்னும் கிட்ட. மொத நாள் நான் சொல்லிக் குடுத்தப்ப நீங்க கோவத்துல வாசப்படியில போய் நின்னுக்கிட்டீங்க. அங்கதான் தப்பு நடந்துபோச்சு. இதைத் தூரத்துலேர்ந்து ஓட்டவே கூடாது. ஒரு கையில ரிமோட். இன்னொரு கை அக்கா முதுகைச் சுத்தி இருக்கணும். தள்ளி நின்னா ஆள் ஆடும், எங்கயாவது இடிச்சுக்கும்.

கணவர்: அப்ப நான் பிடிச்சுக்கணுமா?

மெக்கானிக்: பிடிச்சே ஆகணும். எடையை அது தாங்கிக்கும். ஆளை நீங்கதான் கொண்டு போகணும்.

கணவர்: இதை ஏன் நீ மொத நாளே...

மெக்கானிக்: சொன்னேன். வாசப்படிக்குக் காது இருந்திருந்தா கேட்டிருக்கும்.

மனைவி: அவளைத் திட்டாதீங்க. தூளியை மாட்டுங்க. ...அந்த வாரு முறுக்கிக்கிட்டிருக்கு.

கணவர்: தெரியுது. பீரோவுக்குக் கயிறு கட்டினவனுக்கு வாரு மாட்டத் தெரியாதா? ...ஆச்சு. கையை இப்படி வெச்சுக்கவா?

மெக்கானிக்: இன்னும் கீழ. ஆங். சாயாம பிடிச்சுக்குங்க. அவ்ளோதான்.

கணவர்: போலாமா?

மனைவி: ...

கணவர்: ஏய், போலாமான்னு கேட்டேன்.

மனைவி: கேட்டுச்சு. இன்னொரு தடவை கேளுங்க.

கணவர்: போலாமா?

மனைவி: போலாம்.

மெக்கானிக்: மெதுவா... மெதுவா... இப்ப ஆடுதா அக்கா?

மனைவி: ஆடல. மூச்சுதான் கழுத்துல படுது. தைலம் நெடி தாங்கல.

கணவர்: நாளைக்கு வாசனையா எதையாவது போடச் சொல்றேன்.

மனைவி: அந்த மீசைக்காரன்கிட்டயா? ஒண்ணும் வேணாம். பாட்டிலை வாங்கிட்டு வாங்க, நான் தேச்சு விடறேன். கையில எனக்கொண்ணும் கொறை இல்லயே.

மெக்கானிக்: எறக்குங்க... எறக்குங்க... நாற்காலியில பதிஞ்சாச்சு. சரி, கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. வெக்கறதா, எடுக்கறதா?

மனைவி: அவரே சொல்லட்டும்.

கணவர்: ...நிக்கட்டும். தலமாட்டுலயே நிக்கட்டும். எங்களைப் பாத்து அதுக்கு வயிறு எரியட்டும்.

மெக்கானிக்: எரிஞ்சா போன் பண்ணுங்க. வர்றேன் அக்கா.

மனைவி: பாத்துப் போம்மா. கதவை அப்படியே சாத்திட்டுப் போ.

கணவர்: ...கிளம்பிட்டா.

மனைவி: ம். எதிர் வீட்டுக்காரர் நடையைப் பாருங்க. ஒரு கால்ல சாக்ஸ், இன்னொண்ணுல இல்ல.

கணவர்: ஒண்ணு சொல்லவா?

மனைவி: சொல்லுங்க.

கணவர்: இன்னைக்கு அந்தப் பட்டனை நான் அமுக்கல.

மனைவி: அதைத்தான் அப்பவே சொன்னீங்களே.

கணவர்: நீ நம்பல.

மனைவி: நம்பலன்னு நான் எங்க சொன்னேன்? யார் நம்புவான்னுதான் கேட்டேன்.

கணவர்: இந்த வீட்ல நான் ஒருத்தன், நீ ஒருத்தி. கொக்கு தன் கழுத்தைத் தானே நெரிச்சுக்காது.

மனைவி: நெரிச்சுக்காது.

கணவர்: கட்டில்ல படுத்துக்கிட்டு நீ கையை நீட்டினாலும் அந்தப் பட்டன் எட்டாது.

மனைவி: கைக்கு எட்டாது.

கணவர்: அப்புறம் எப்படி...

மனைவி: ஏங்க.

கணவர்: என்ன?

மனைவி: அந்தக் கிடுக்கி இனிமே ராத்திரியில உங்க பக்கமே இருக்கட்டும். எனக்கு எட்டற எடத்துல வெக்காதீங்க.